வகுப்பறைக்கான வீடியோ: படப்பிடிப்பும் படத்தொகுப்பும் பற்றி கொழும்பு ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பிலும் அதனை அண்டிய இடங்களிலும் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் ஆசிரியர்களோடு, சனிக்கிழமைகளில் அமர்ந்து வீடியோ எடுக்கவும் தொகுக்கவும் பழகிவருகிறோம். அந்த அமர்வுகளில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன். நான் ஒளிப்பதிவாளன் அல்லன். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். ஆகவே எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆய்வுகூடத்திலிருந்தே வரும்.

வகுப்பில் நேரில் நின்று கற்பிக்கிறோமே, பிறகு வீடியோ எதற்கு?

பெரும்பாலான பாடங்களுக்குத் தேவையில்லை என்பதே என் நேர்மையான விடை. கரும்பலகையில் எழுதி விளக்கக்கூடிய ஒன்றை, அதே கரும்பலகைக்கு முன் நின்று வீடியோவாக எடுத்து, பிறகு அதே மாணவர்களுக்குக் காட்டுவதால் எவருக்கும் பயனில்லை. ஆனால் 40 பேர் இருக்கும் வகுப்பில் அமில, கார நியமிப்பு (ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து மற்றொன்றின் செறிவை அறியும் முறை) ஒன்றைச் செய்து காட்டும்போது, அளவியின் (துளிகளை விடும் அளவுக் குழாயின்) வாசிப்பையும் குடுவையில் பினோத்தலின் என்னும் காட்டியின் நிறம் மாறும் அந்த ஒரு துளியையும் பார்க்கக்கூடியவர்கள் மேசையைச் சுற்றி நிற்கும் நாலைந்து பேர்தாம். மற்றவர்கள் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்க்கிறார்கள். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையின் கண்ணை அந்தத் துளிக்கு அருகே கொண்டுபோகும் வேலைக்குத்தான் கமரா வேண்டும். எதையாவது படமெடுக்க எண்ணும்போது, நேரில் காட்டினால் இதை எத்தனை பேர் காண்பார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். கீழே வரும் விடைகள் எல்லாம் அந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

எந்தக் கமராவை வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் கைத்தொலைபேசி போதும். முன்பக்கக் கமராவை விட்டுப் பின்பக்கக் கமராவைப் பயன்படுத்துங்கள். எடுக்குமுன் வில்லையைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். படம் மங்கலாக இருக்கிறது என்று எங்களிடம் வந்த முறைப்பாடுகளில் பாதி அந்தத் துணியோடு தீர்ந்தது.

பணம் செலவழிக்க மனமிருந்தால் அதை ஒரு முக்காலிக்கும், கைத்தொலைபேசியை அதில் பொருத்தும் பிடிப்பானுக்கும், சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி ஒன்றுக்கும் செலவழியுங்கள். இவை மூன்றும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். ஒலிவாங்கி வாங்கும்போது அதன் 3.5 மில்லிமீற்றர் செருகியைப் பாருங்கள்: கைத்தொலைபேசிக்கு உரியதில் மூன்று வளையங்கள் இருக்கும், கமராவுக்கு உரியதில் இரண்டுதான் இருக்கும். இதைக் கவனிக்காமல் வாங்கி, ஒலி பதிவாகவில்லை என்று திரும்பக் கடைக்குப் போனவர்களில் நானும் ஒருவன்.

படத்தின் அளவு 1920×1080 போதும். அந்த அளவில் ஒரு நிமிட வீடியோ, கைத்தொலைபேசியைப் பொறுத்து, ஏறக்குறைய 60 முதல் 130 மெகாபைற்று வரை இடம்பிடிக்கும். அதைவிட நுணுக்கமான 4கே அளவு அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கைக் கேட்கும். படத்தின் ஒரு மூலையை மட்டும் பிறகு வெட்டிப் பெரிதாக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மட்டும் 4கேயில் எடுங்கள்.

வகுப்பறையில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடுகின்றனவே?

கைத்தொலைபேசியில் பழுது எதுவுமில்லை. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் வருகிறது; பழைய குழல் விளக்குகளும் மலிவான எல்ஈடி குமிழ்களும் அதன்படி செக்கனுக்கு 100 முறை மினுங்குகின்றன. பல கைத்தொலைபேசிகளோ செக்கனுக்கு 30 படச்சட்டங்கள் எடுக்கும்படி, 60 ஹேர்ட்ஸ் நாடுகளுக்குப் பொருந்தும் விதமாக அமைக்கப்பட்டு வருகின்றன. இரண்டு தாளங்களும் ஒத்துப்போகாத இடத்தில் பட்டை தோன்றுகிறது. கமரா அமைப்பில் செக்கனுக்கு 25 படச்சட்டங்கள் என்றும், மூடியின் (ஷட்டரின்) வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கன் என்றும் மாற்றிக்கொள்ள முடிந்தால் பட்டை மறைந்துவிடும். அந்த வசதி இல்லாத கைத்தொலைபேசி என்றால் விளக்கை அணைத்துவிட்டு யன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். விளக்குக்குக் கீழே சுழலும் மின்விசிறியும் இதே தொல்லையைத் தரும். அதையும் நிறுத்த வேண்டும்.

ஒலி தெளிவாக இல்லை. ஒலிவாங்கி வாங்கியும் அப்படியேதான் இருக்கிறது. என்ன செய்வது?

படம் சற்று மங்கினாலும் மாணவர்கள் பார்ப்பார்கள். பேச்சு விளங்காவிட்டால் அரை நிமிடத்தில் கைவிட்டுவிடுவார்கள். ஆகவே இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டியிருக்கிறது.

எங்கள் முதலாவது படப்பிடிப்பு கரையோரப் புகையிரதப் பாதைக்கு அருகில் இருந்த ஒரு வகுப்பறையில் நடந்தது. காலை முழுவதும் எடுத்த பதிவில், முழுமையாக ஒலி கெடாமல் கிடைத்தது ஏழு நிமிடங்கள். புகையிரதம் போனால் காகம் கரைந்தது, காகம் அடங்கினால் பாண் விற்கும் முச்சக்கரவண்டி தன் இசையோடு சந்திக்குள் திரும்பியது. கொழும்பில் அமைதியான வகுப்பறை ஒன்றைத் தேடி அலைவது வீண். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதே உங்கள் கையில் இருக்கும் வழி. தூரம் இருமடங்கானால் உங்கள் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஆனால் வீதி இரைச்சல் குறையாது. மூன்று மீற்றர் தள்ளி முக்காலியில் நிற்கும் கைத்தொலைபேசி உங்கள் குரலையும் காலி வீதியின் இரைச்சலையும் சமமாகவே கேட்கிறது. சட்டையில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்திய ஒலிவாங்கி, உங்களைத்தான் முதலில் கேட்கும்.

ஒலிவாங்கி இல்லையென்றால் இரண்டாவது கைத்தொலைபேசி ஒன்றில் ஒலிப்பதிவை இயக்கி, அதைச் சட்டைப்பையில் ஒலிவாங்கி மேலே பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரு பதிவுகளும் ஓடத் தொடங்கியபின் கமராவுக்கு முன் ஒருமுறை கைதட்டுங்கள். தொகுக்கும்போது, படத்தில் கைகள் சேரும் படச்சட்டத்தையும் ஒலி அலையில் தெரியும் கூர்முனையையும் ஒரே இடத்தில் பொருத்தினால் குரலும் உதடும் ஒன்றுசேரும்.

இன்னும் எளிய வழி, பேச்சைப் படத்தோடு எடுக்காமலே விடுவது. செயன்முறையை மௌனமாகப் படமாக்குங்கள். விளக்கத்தை இரவில், தெரு அடங்கியபின், வீட்டில் பதிவு செய்யுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்து அதற்கு முகம் கொடுத்துப் பேசினால், வெறுஞ்சுவரில் பட்டு வரும் எதிரொலி பெருமளவு அடங்கிவிடும். பதிவின் உச்சம், பதியும் செயலியின் ஒலிமட்ட மானியில் -12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம்; உச்சத்தில் முட்டி உடைந்த ஒலியைச் சீர்செய்ய முடியாது.

வெண்பலகைக்கு முன் நின்றால் முகம் கறுத்துவிடுகிறது.

பலகையின் வெண்மையைக் கண்டு கமரா முழுப் படத்தையும் இருட்டாக்குகிறது. திரையில் உங்கள் முகம் தெரியும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் வெளிச்சமும் குவியமும் அந்த அளவில் பூட்டப்படும். யன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும். மறுபக்கத்தில் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையைச் சாத்தி வைத்தால் அது வெளிச்சத்தைத் திருப்பி முகத்தின் நிழலை மென்மையாக்கும்.

ஆய்வுகூடச் செயன்முறையை எந்தக் கோணத்தில் எடுப்பது?

செய்பவரின் கண் இருக்கும் பக்கத்திலிருந்து எடுங்கள். பலரும் மேசைக்கு எதிரே முக்காலியை நிறுத்துகிறார்கள். அப்போது ஆசிரியரின் வலக்கை படத்தின் இடப்பக்கத்தில் தெரிகிறது. அதைப் பார்த்துத் தன் மேசையில் செய்ய முயலும் மாணவன் ஒவ்வொரு அசைவையும் மனத்துக்குள் திருப்பிப்போட வேண்டியிருக்கிறது. தோளுக்கு மேலாகவோ நேர் மேலிருந்தோ எடுத்தால், திரையில் தெரியும் கைகள் மாணவனின் கைகள்போலவே இருக்கும். நேர் மேலிருந்து எடுக்கச் சிறப்புக் கருவி வேண்டாம்: இரு கதிரைகளின் முதுகுகளுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்துக் கட்டி, கைத்தொலைபேசியின் வில்லை பலகை ஓரத்துக்கு வெளியே நீளும்படி நாடாவால் ஒட்டினால் போதும். கீழே கண்ணாடிப் பொருள்கள் இருக்கும் என்பதால் இறுக்கமாக ஒட்டுங்கள்.

முழுச் செயன்முறையையும் முதலில் அகன்ற காட்சியாக இடைவெட்டு இல்லாமல் ஒருமுறை எடுங்கள். பிறகு அதையே மீண்டும் செய்து, முக்கியமான இடங்களை மட்டும் அண்மைக் காட்சிகளாக எடுங்கள். தொகுக்கும்போது தவறிய இடங்களை மறைக்க இந்த அண்மைக் காட்சிகளே கைகொடுக்கும். எந்தக் காட்சியையும் செயல் தொடங்குவதற்கு ஐந்து செக்கன் முன்னரே ஓடவிட்டு, முடிந்து ஐந்து செக்கன் கழித்து நிறுத்துங்கள். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் தொகுக்கும் மேசையில் வருந்துவார்கள்.

அளவியின் வாசிப்பை எடுக்கும்போது வில்லை பிறையுருவின் (குழாயிலுள்ள திரவத்தின் வளைந்த மேற்பரப்பின்) அதே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால், வாசிக்கும்போது செய்யக்கூடாது என்று நாம் கற்பிக்கும் இடமாறுதோற்ற வழுவை (சாய்வாகப் பார்ப்பதால் வாசிப்பு மாறித் தெரியும் பிழையை) நாமே படம்பிடித்துக் காட்டியவர்கள் ஆவோம். அளவிக்குப் பின்னால், பாதி வெள்ளையும் கீழ்ப்பாதி கறுப்புமான ஓர் அட்டையைப் பிடித்தால் பிறையுருவின் அடி விளிம்பு கூர்மையாகத் தெரியும்.

மெதுவான அசைவையும் நேரச்சுருக்கப் படத்தையும் பாடத்தில் எங்கே பயன்படுத்தலாம்?

கண்ணால் காண முடியாத வேகத்திலோ தாமதத்திலோ நடப்பவற்றுக்கு இவற்றைவிடச் சிறந்த துணை இல்லை. ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விடப்படும் பந்து தரையை அடைய ஏறத்தாழ 0.45 செக்கன் ஆகிறது. சாதாரண 30 படச்சட்ட வேகத்தில் அது 13 படச்சட்டங்களில் முடிந்துவிடும். 240 படச்சட்ட வேகத்தில் 108 கிடைக்கும். பின்னணியில் ஒரு மீற்றர்க் கோலை நிறுத்திவைத்தால், படச்சட்டம் படச்சட்டமாக நகர்த்தி, சம நேரங்களில் பந்து கடக்கும் தூரம் கூடிக்கொண்டே போவதை மாணவர்களே அளந்து வரைபாக்கலாம். டிராக்கர் என்னும் இலவச மென்பொருள் இந்த வேலைக்கென்றே இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் கிடைக்கும் வெளிச்சம் மிகக் குறைவு; குழல் விளக்கின் மினுக்கமும் அப்பட்டமாகத் தெரியும். வெளி விறாந்தையில், பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

பயறு முளைப்பதற்கு மறுபக்க உத்தி வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாக 48 மணித்தியாலம் எடுத்தால் 576 படங்கள் சேரும். செக்கனுக்கு 25 வீதம் ஓட்டினால் 23 செக்கனில் முளை நிமிர்ந்து நிற்கும். கைத்தொலைபேசி மின்னேற்றியில் இருக்க வேண்டும், யன்னலைக் கறுப்புத் தாளால் மறைத்து ஒரே விளக்கை எரியவிட வேண்டும். இல்லாவிட்டால் பகலும் இரவும் மாறிமாறிப் படம் கண்சிமிட்டும்.

ஒரு வீடியோ எவ்வளவு நீளமாக இருக்கலாம்?

பிலிப் குவோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2014இல் எட்எக்ஸ் இணையவழிப் பாடநெறிகளில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீண்டிருந்தாலும் மாணவர்கள் இடைநிலையாக ஆறு நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை என்று கண்டார்கள். தாங்களாகவே சேர்ந்து படித்தவர்களின் நிலை அது. 40 நிமிடப் பாடவேளைக்குள் காட்டுவதானால் மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு வீடியோவில் ஒரு கருத்து இருக்கட்டும். நியமிப்பும் அதன் கணிப்பும் இரண்டு வீடியோக்கள்.

எழுத்துப்படி எழுத வேண்டுமா?

வேண்டும், ஒரு பக்கம் போதும். தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்தில் காண்பதையும் வலப்பக்கத்தில் கேட்பதையும் எழுதுங்கள். இடப்பக்கம் வெறுமையாகவே நீளுமானால், அந்தப் பகுதியை வகுப்பில் வாயால் சொல்லிவிடலாம், படமெடுக்கத் தேவையில்லை.

எந்தத் தொகுப்பு மென்பொருள் நல்லது?

கைத்தொலைபேசியிலேயே முடிப்பவர்களுக்குக் கப்கட் எளிது. பாடசாலைக் கணினி பழையதானால் ஷொட்கட் அல்லது ஓப்பன்ஷொட் நிறுவுங்கள். இரண்டும் இலவசமானவை, திறந்த மூலத்தவை. டாவின்சி ரிசொல்வின் இலவசப் பதிப்பு மிக வல்லது, ஆனால் நல்ல வரைகலை அட்டை இல்லாத கணினியில் அது நகராது. கணினித் திரையைப் பதிய ஓபிஎஸ் ஸ்டூடியோ போதும். ஒன்றைத் தேர்ந்து ஆறு மாதம் அதோடு இருங்கள். மென்பொருள் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் வீடியோ முடிப்பதில்லை.

தொகுப்பை எங்கிருந்து தொடங்குவது?

குரலிலிருந்து. முதலில் விளக்கக் குரலை மட்டும் மென்பொருளின் காலக்கோட்டில் (காட்சிகளையும் ஒலியையும் வரிசையாக அடுக்கும் பட்டையில்) வைத்து, இழுபடும் இடங்களையும் திரும்பச் சொன்னவற்றையும் வெட்டி, கண்ணை மூடிக் கேளுங்கள். குரல் மட்டுமே கேட்டு ஒழுங்கு விளங்குகிறதென்றால் அதன்மேல் படங்களைப் பொருத்தத் தொடங்கலாம். எந்த இடத்தில் அண்மைக் காட்சிக்கு மாற வேண்டும் என்று தயங்கினால், வகுப்பில் நீங்கள் “இங்கே பாருங்கோ பிள்ளையள்” என்று சொல்லும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் மாறுங்கள். காட்சி மாறுவதற்கு அரைச் செக்கன் முன்னரே அடுத்த வசனத்தின் குரலைத் தொடங்கவிட்டால் வெட்டு உறுத்தாது.

பக்கம் புரள்வது, இதயமாக விரிவது, சுழன்று மறைவது முதலிய மாற்றங்களைத் தொடவே தொடாதீர்கள். அவை திருமண அல்பத்துக்கு உரியவை.

எங்களுள் ஓர் ஆசிரியை, வேதனையோடு, தான் இரண்டு மணித்தியாலம் எடுத்ததில் இரண்டு நிமிடம் மட்டுமே எஞ்சியது என்றார். அதில் வருந்த ஒன்றுமில்லை. எடுத்ததெல்லாம் உழைப்பு என்பதால் அனைத்தையும் உள்ளே வைக்கும் மனநிலைதான் ஆசிரியர்களிடம் நான் காணும் பெரிய இடர்.

தலைப்பில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. ஏன்?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். நீங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அது ஒருங்குறி (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துக் குறிமுறை) அல்லாததால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். ஒருங்குறியில் தட்டச்சு செய்தும் ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் இடம்மாறி நின்றால், அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். தலைப்புகளையும் படக் குறிப்புகளையும் பவர்பொயின்றில் அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, அதைக் காலக்கோட்டில் படத்துக்கு மேலே வைப்பதே உறுதியான வழி. படமாகிவிட்ட எழுத்து எந்தக் கணினியிலும் உடையாது.

சொல்வதையெல்லாம் திரையில் எழுத்தாகவும் போடலாமா?

போடவேண்டாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரிச்சர்ட் மேயர், படத்தோடு பேச்சும் வரும்போது அதே பேச்சை எழுத்தாகவும் காட்டினால் கற்றல் பொதுவாகக் குறைகிறது என்பதைத் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். கண் எழுத்துக்கு ஓடும்போது படம் கவனிப்பாரற்றுப் போகிறது. புதிய கலைச்சொல், சூத்திரம், அளவு ஆகியவற்றை மட்டும், அவை குறிக்கும் பொருளுக்கு அருகிலேயே எழுதுங்கள். செவிப்புலன் குறைந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் நிலைமை வேறு: முழு வசனத்தையும், விரும்பினால் இயக்கி நிறுத்தக்கூடிய துணையெழுத்தாகத் தனிக் கோப்பில் கொடுங்கள்.

பின்னணி இசை?

வேண்டாம்.

எங்கள் பாடசாலையில் சிங்கள மொழிமூலப் பிரிவும் உண்டு. அவர்களும் பயன்படுத்தும்படி எடுக்க முடியுமா?

கொழும்பில் இருப்பதன் நற்பேறு இது. செயன்முறையை மௌனமாகப் படமாக்கச் சொன்னதன் மற்றொரு காரணமும் இதுவே. படத்துக்குள் எழுத்து எதையும் பதிக்காமல் ஒரு மூலப் பிரதியை வைத்துக்கொண்டு, தமிழ்க் குரலை நீங்களும் சிங்களக் குரலை மறுபிரிவின் ஆசிரியரும் பதிந்தால், ஒரு நாள் உழைப்பில் இரண்டு வீடியோக்கள் கிடைக்கும். சிங்களத்தில் அதே கருத்தைச் சொல்ல எடுக்கும் நேரம் வேறுபடும். ஆகவே ஒவ்வொரு காட்சியையும் தேவைக்கு அதிகமாகச் சில செக்கன்கள் நீட்டியே எடுத்துவையுங்கள்.

மாணவர்களின் முகம் தெரியலாமா? மற்றவர்களின் படங்களைச் சேர்க்கலாமா?

அதிபரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துமூல இசைவும் இல்லாமல் எந்தப் பிள்ளையின் முகமும் வேண்டாம். கைகளை மட்டும் எடுங்கள். பாடத்துக்கு அதுவே போதும். சட்டையிலுள்ள பாடசாலைச் சின்னமும் கொப்பியின் மேலுள்ள பெயரும் படத்தில் விழுந்துவிடுகின்றனவா என்றும் பாருங்கள்.

பிறரது ஆக்கங்களைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கற்பித்தலை நியாயமான பயன்பாட்டின் நோக்கங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. நான்கு சுவர்களுக்குள் ஒரு சிறு பகுதியைக் காட்டுவதும் அதையே யூடியூபில் ஏற்றுவதும் ஒன்றல்ல என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு எப்படி அனுப்புவது?

1280×720 அளவில், எச்.264 என்னும் சுருக்க முறையில், எம்பி4 கோப்பாக வெளியிடுங்கள். புதிய கைத்தொலைபேசிகள் பல எச்.265 முறையில் பதிகின்றன. பாடசாலையின் பழைய கணினியில் அது குரல் மட்டும் கேட்கும் கறுத்த திரையாக நிற்கக்கூடும். வாட்சப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மேலும் நசுக்கப்பட்டு, அளவியின் கோடுகள் கரைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். செக்கனுக்கு 2 மெகாபிற்று வீதம் வெளியிட்ட மூன்று நிமிட வீடியோ ஏறத்தாழ 45 மெகாபைற்று. வீட்டில் ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் குடும்பங்களில் அந்த 45உம் கணக்கில் வரும்.

வகுப்பில் எப்படிக் காட்டுவது?

முதன்முறை ஒலியை அடைத்துவிட்டுக் காட்டுங்கள். நிறம் மாறுவதற்குச் சற்று முன் நிறுத்தி, அடுத்த துளியில் என்ன நடக்கும், அளவியில் இப்போது வாசிப்பு என்ன என்று கேளுங்கள். கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது தசமத்தில் விடைகள் பிரியும், அந்தச் சச்சரவு நல்லது. பிறகு குரலோடு ஓட்டுங்கள். மடிக்கணினியின் ஒலிபெருக்கி, மின்விசிறி சுழலும் வகுப்பில் மூன்றாவது வரிசையைத் தாண்டாது என்பதால் ஒரு சிறிய வெளி ஒலிபெருக்கியை எடுத்துச் செல்லுங்கள். மின்சாரம் நின்றுவிட்டால் அளவியையும் குடுவையையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, இந்த முறை கடைசி வாங்கில் இருப்பவர்களை முதலில் அழையுங்கள்.